நேற்று காசு, இன்று இலவசம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெரிய முதலியார்சாவடியிலிருந்து தெற்கே வண்டியை விட்டால், கோட்டக்குப்பம் தாண்டியதும் புதுச்சேரி எல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் மலிவு. வழியிருக்கும்போது இந்தப் பக்கத்துக்காரர்கள் அங்கே போய் டேங்கை நிரப்பிக்கொள்வார்கள். அவசரம் என்றால் உள்ளூரிலேயே போட்டுக்கொள்வார்கள். 'என்னிடம் மட்டும் ஏன் கூடுதலாக வாங்கினீர்கள்' என்று எந்த பங்க்கிலும் யாரும் சண்டைக்கு நிற்பதில்லை. வரி வேறு, அதனால் விலை வேறு. எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

அதே சாலையோரம் குடியிருக்கும் ஒரு கல்லூரி மாணவர் கைபேசியில் காசு கொடுத்து ஒரு விளையாட்டை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதம் கழித்து ப்ளே ஸ்டோரைத் திறந்தால் அதே விளையாட்டு 'இலவசம்' என்று நிற்கிறது. போன தொகை ஒரு பிரியாணிப் பொட்டலத்தின் விலைகூட இராது. ஆனாலும் எரிச்சல் வருகிறது. அந்த எரிச்சலை அற்பம் என்று தள்ளிவிடுவது சுலபம். உலகின் மிகப் பெரிய நிறுவனங்கள் இதற்காக மன்னிப்புக் கேட்டிருக்கின்றன, பணத்தைத் திருப்பியிருக்கின்றன என்ற வரலாற்றைப் பார்க்கும்போது அப்படித் தள்ள முடிவதில்லை.

தமிழ்நாட்டு வீடுகளில் பெரும்பாலோர் ஒருமுறையாவது விளையாடிப் பார்த்த டெம்பிள் ரன்னிலிருந்தே தொடங்கலாம். கோயில் சிலையைத் திருடிக்கொண்டு ஒருவன் ஓட, குரங்குப் பிசாசுகள் துரத்தும் ஆட்டம். கீத் ஷெப்பர்ட், நடாலியா லக்கியானோவா என்ற அமெரிக்கத் தம்பதியின் இமாங்கி ஸ்டூடியோஸ் 2011 ஆகஸ்டில் அதை ஐபோனுக்கு வெளியிட்டபோது விலை 99 சென்ட். முதலில் ஓரளவு விற்றது. பிறகு விற்பனை சரிந்தது. அடுத்த மாதமே விலையை எடுத்துவிட்டு, ஆட்டத்துக்குள் நாணயங்களை விற்கும் முறைக்கு மாறினார்கள். அதன்பின் நடந்தது ஊரறிந்த கதை. 2012 மார்ச்சில் ஆண்ட்ராய்டுக்கு வந்தபோது தொடக்கத்திலிருந்தே இலவசம். 2014இல் தொடரின் பதிவிறக்கம் 100 கோடியைக் கடந்துவிட்டதாக நிறுவனம் அறிவித்தது. பேருந்துப் பயணத்தில், கல்யாண மண்டபத்தில், பெரியவர்களின் போனைப் பிடுங்கிக் குழந்தைகள் ஆடியது எல்லாம் அந்த இலவசப் பதிப்பைத்தான். காசு கொடுத்து வாங்கியவர்கள் உலகம் முழுவதும் சேர்த்தே முதல் சில வாரத்துக்காரர்கள் மட்டும். அவர்கள் இழந்தது ஒரு டாலருக்கும் குறைவு. ஆனால் யாருமே தெரியாத ஒரு விளையாட்டை நம்பி முதலில் பையில் கைவிட்டவர்கள் அவர்கள்.

இந்தியாவில் அந்த 'முதலில் பையில் கைவிடுவது' இன்னும் கஷ்டமான காரியமாக இருந்தது. பல ஆண்டுகளுக்கு ப்ளே ஸ்டோரில் எதையாவது வாங்க வேண்டுமென்றால் கிரெடிட் கார்டு வேண்டும். சிற்றூர்களில் கார்டு வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்? 2015 ஜூலையில் கூகுள் இந்தியாவுக்கான குறைந்தபட்ச விலையை 50 ரூபாயிலிருந்து 10 ரூபாயாக இறக்கியது. பிறகு பரிசுக் கூப்பன், செல்போன் கட்டணத்திலேயே கழித்துக்கொள்ளும் வசதி, கடைசியில் யுபிஐ என்று வழிகள் திறந்தன. அதற்கு முன்னால் ஒரு பையன் விளையாட்டு வாங்க நினைத்தால் அப்பாவின் கார்டைக் கேட்க வேண்டும். ஓடிபி அப்பாவின் எண்ணுக்கு வரும். 'விளையாட்டுக்கெல்லாம் யாராவது காசு கொடுப்பானா?' என்ற விசாரணை நடக்கும். எல்லாம் சொல்லி, கெஞ்சி, இது காசு கொடுக்கத் தகுந்ததுதான் என்று வாதாடி வாங்கியபின் அது இலவசமானால்? 'பார்த்தியா, பொறுத்திருந்தா சும்மாவே கெடைச்சிருக்கும்' என்று வீட்டில் ஒரு வரி விழும். பத்து ரூபாய்க்கும் ஐம்பது ரூபாய்க்கும் இவ்வளவு கோபமா என்று கேட்பவர்கள் அந்த ஒரு வரியைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

தொகை சிறிது, கோபம் பெரிது என்பதற்கு அமேசான் 2000ஆம் ஆண்டிலேயே சாட்சி சொன்னது. ஒரே டிவிடியை வெவ்வேறு வாடிக்கையாளருக்கு வெவ்வேறு விலையில் காட்டிச் சோதனை செய்தது வெளியே தெரிந்தபோது கண்டனம் எழுந்தது. 6,896 பேருக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. சராசரியாகத் தலைக்கு 3 டாலர் 10 சென்ட். அதற்கும் முன்பே, 1986இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் கனடாவில் ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தார்கள். பனிப்புயலுக்கு மறுநாள் கடைக்காரர் பனி அள்ளும் மண்வெட்டியின் விலையை 15 டாலரிலிருந்து 20 டாலராக ஏற்றுகிறார்; இது நியாயமா? 82 விழுக்காட்டினர் நியாயமில்லை என்றார்கள். சந்தையில் வரத்து குறைந்து தேவை கூடினால் விலை ஏறும் என்ற பாடம் அவர்கள் அறியாததல்ல. மனசுக்குள் ஒரு 'சரியான விலை' உட்கார்ந்துகொண்டபின், அதிலிருந்து விலகுவதற்குக் காரணம் சொல்லச் சொல்கிறார்கள். விலை இறங்கும்போதும் இதே கணக்குதான் நடக்கிறது. 'இலவசமாகக் கொடுக்க முடிகிற பொருளுக்கு என்னிடம் மட்டும் எதற்குக் காசு வாங்கினாய்?'

இதற்கு மிகப் பிரபலமான பதிலைச் சொன்னவர் ஸ்டீவ் ஜாப்ஸ். 2007 ஜூன் 29 அன்று முதல் ஐபோன் விற்பனைக்கு வந்தது. 8 ஜிபி மாடல் 599 டாலர். இரவெல்லாம் வரிசையில் நின்று வாங்கினார்கள். செப்டம்பர் 5 அன்று விலை 399 ஆனது. பத்து வாரத்தில் 200 டாலர்! ஆப்பிளின் தீவிர ரசிகர்களே கொதித்தார்கள். மறுநாளே ஜாப்ஸ் ஒரு திறந்த மடல் எழுதினார். தொழில்நுட்பத்தில் விலை இறங்குவது இயல்பு, அடுத்த இறக்கத்துக்காகக் காத்திருப்பவர் எதையுமே வாங்க மாட்டார் என்று முதலில் தன் கட்சியை வாதாடினார். அதோடு நிற்காமல், முதலில் நம்பியவர்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறோம் என்று ஒப்புக்கொண்டு, 100 டாலருக்கு ஆப்பிள் கடையில் வரவு வைத்தார். ரொக்கமாக அல்ல. அந்த நூறும் ஆப்பிள் கல்லாவுக்குத்தான் திரும்பும் என்பதை விவரமானவர்கள் கவனித்திருப்பார்கள். ஆனாலும் கூச்சல் அடங்கியது.

நிண்டெண்டோவின் கதை இன்னும் சுவையானது. 2011 மார்ச்சில் அமெரிக்காவில் 250 டாலருக்கு வந்த 3டிஎஸ் என்ற கையடக்கக் கருவி எதிர்பார்த்தபடி விற்கவில்லை. ஆகஸ்டில் விலையை 170 டாலராக்கினார்கள். தலைவர் சடோரு இவாட்டா தன் சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார். முன்பே வாங்கியவர்களிடம் வருத்தம் தெரிவித்தார். அவர்களுக்கு 'தூதர்' என்ற பட்டமும் 20 பழைய விளையாட்டுகளும் இலவசமாகத் தரப்பட்டன. பழைய சரக்குதான், நிறுவனத்துக்குப் பெரிய செலவு இல்லை. வாங்கியவருக்கோ, தான் ஏமாந்தவன் இல்லை, முன்னோடி என்று சொல்லிக்கொள்ள ஒரு காரணம் கிடைத்தது.

கருவிக்கு விலை குறைப்பது ஒரு எல்லை வரைதான் முடியும். விளையாட்டுக்கு அந்த எல்லை இல்லை. பெரிய முதலியார்சாவடிக்கு வடக்கே மரக்காணம் உப்பளங்களில் வெயில் காய்ந்து விளைச்சல் பெருகும் கோடையில் உப்பு விலை இறங்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கி வேலை நின்றபின் ஏறும். எவ்வளவு இறங்கினாலும் பூஜ்யத்துக்கு வராது. பாத்தி மிதித்த கூலி, உப்பு வாரிய கூலி, சாக்கு, லாரி வாடகை என்று ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் ஒரு செலவு கட்டப்பட்டிருக்கிறது. கைபேசி விளையாட்டின் முதல் பிரதிக்கு லட்சக்கணக்கில், சமயத்தில் கோடிக்கணக்கில் செலவாகும். இரண்டாவது பிரதிக்கு ஏறத்தாழ ஒன்றுமில்லை. ஆப்பிளும் கூகுளும் எடுத்துக்கொள்ளும் 15 முதல் 30 விழுக்காடு தரகும்கூட விலையில் ஒரு பங்குதான். விலை பூஜ்யமானால் தரகும் பூஜ்யம். அதனால்தான் இந்தச் சந்தையில் விலை மாடிப்படியில் இறங்குவதில்லை, மொட்டைமாடியிலிருந்து குதித்துவிடுகிறது.

நீடித்து உழைக்கும் பொருளை ஒருவரே விற்கும்போது அவருக்குப் போட்டியாளர் நாளைக்கு இருக்கப்போகும் அவரேதான் என்று ரொனால்ட் கோஸ் 1972இல் ஒரு கட்டுரையில் எழுதினார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர். நாளை விலை இறங்கும் என்று வாங்குபவர் ஊகித்துவிட்டால் இன்று வாங்க மாட்டார்; அப்புறம் விற்பவர் இன்றே இறக்க வேண்டியிருக்கும். இதன் இந்தியச் செயல்விளக்கம் 2025இல் நடந்தது. ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையிலிருந்து ஜிஎஸ்டி குறையப்போகிறது என்று பிரதமர் அறிவித்தார். செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் முடிவெடுத்தது; 22ஆம் தேதி அமலானது. 350 சிசி வரையிலான பைக், ஏசி, 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவி எல்லாம் 28 விழுக்காட்டிலிருந்து 18க்கு வந்தன. இடைப்பட்ட வாரங்களில் ஷோரூம்களில் கூட்டம் மெலிந்தது. ஜூலையில் பைக் எடுத்தவர்கள் ஒரு பெருமூச்சு விட்டிருப்பார்கள். யாரும் டீலரைத் திட்டவில்லை. முடிவெடுத்தது டீலர் இல்லை என்பது தெரியும்.

ஆடித் தள்ளுபடியையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனி மாதக் கல்யாணத்துக்கு முழு விலை கொடுத்துப் பட்டு எடுத்தவர், ஆடியில் அதே கடை வாசலில் தொங்கும் பலகையைப் பார்த்துக் கடைக்காரர்மேல் வழக்குப் போடுவதில்லை. ஆடி எப்போது வரும் என்பது காலண்டரில் இருக்கிறது. காத்திருக்க முடிந்தவர் காத்திருக்கிறார். முகூர்த்தம் காத்திராது என்பவர் தெரிந்தே கூடுதலாகக் கொடுக்கிறார். கணினி விளையாட்டுக்காரர்களுக்கும் இப்படி ஓர் ஆடி உண்டு: ஸ்டீம் என்ற இணையக் கடையின் கோடை விற்பனையும் குளிர்கால விற்பனையும். தேதிகளை அந்தக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் முன்கூட்டியே வெளியிடுகிறது. கைபேசிக் கடைகளில் அப்படி எதுவும் நிலைக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் விலை மாறும், வியாழக்கிழமை திரும்பும், எந்த அறிவிப்பும் இராது. கோபத்தின் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது. மாறாக, 2020 மார்ச்சில், ஊரடங்கு தொடங்கிய நாட்களில், மான்யுமென்ட் வேலி 2 என்ற விளையாட்டைச் சில நாட்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். ஏன் கொடுத்தார்கள் என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இதுவரை சொன்னதில் ஒரு விஷயம் கலந்து கிடக்கிறது, பிரித்துவிட வேண்டும். 'வாங்கினேன், இலவசமாகிவிட்டது' என்ற ஒரே முறையீட்டுக்குள் மூன்று வெவ்வேறு வழக்குகள் இருக்கின்றன. விலை குறைந்தது என்பது ஒன்று. விலையே போய்விட்டது என்பது இன்னொன்று. மூன்றாவது, விலை போனதோடு பொருளும் மாறிவிட்டது என்பது. முதல் இரண்டில் வாங்கியவரிடம் பொருள் முழுசாக இருக்கிறது. மூன்று மாதம் முன்னதாக விளையாடிய இன்பமும் கையில் இருக்கிறது. வருத்தப்படலாம், உரிமை கோர முடியாது. மூன்றாவது அப்படியல்ல. இலவசமாக்கிய அன்றே விளம்பரம் நுழைகிறது, 'உயிர்' தீர்ந்தால் அரை மணி காத்திரு என்கிறது, முன்பு ஆடி ஜெயித்த கட்டத்தை இப்போது ரத்தினம் வாங்கித்தான் திறக்க வேண்டும். ஆப் தானாகப் புதுப்பித்துக்கொண்டுவிட்டால் காசு கொடுத்தவரின் போனிலும் அதே கதி. இங்கே போனது பணமில்லை, வாங்கிய சரக்கு. இந்த வழக்கைத்தான் தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டும்; நடைமுறையிலோ மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, 'விலை மாறும் என்பது விதிமுறையில் இருக்கிறதே' என்ற ஒரே பதிலைக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஆங்ரி பேர்ட்ஸ் இதன் நீண்ட வடிவம். 2009 டிசம்பரில் ஐபோனில் 99 சென்ட்டுக்கு வந்தது. 2010 அக்டோபரில் ஆண்ட்ராய்டில் விளம்பரங்களோடு இலவசமாக வந்தது. பின்னால் வந்த பாகங்கள் ஆட்டத்துக்குள் வியாபாரம் செய்பவை. 2019இல் பழைய விளையாட்டுகளைக் கடைகளிலிருந்தே, அவற்றை உருவாக்கிய ரோவியோ நிறுவனம் எடுத்துவிட்டது. ரசிகர்கள் விடாமல் கேட்டதால் 2022 மார்ச்சில் முதல் விளையாட்டைப் புதுக்கி, விளம்பரமில்லாமல், மீண்டும் 99 சென்ட்டுக்கு வெளியிட்டார்கள். ஒரு வருடம்கூட ஓடவில்லை. 2023 பிப்ரவரியில் கூகுள் ப்ளேயிலிருந்து அதை எடுத்துவிட்டு, ஆப்பிள் கடையில் பெயரையே மாற்றினார்கள். தங்களுடைய மற்ற விளையாட்டுகளை அது பாதிக்கிறது என்பதே சொன்ன காரணம். ஒரு டாலர் கொடுத்து நிம்மதியாக ஆடும் பழைய ஆட்டம், இலவச ஆட்டங்களின் வருமானத்துக்குக் குறுக்கே நின்றது என்றே அதைப் படிக்க வேண்டியிருக்கிறது. ஏற்கனவே இறக்கி வைத்தவர்கள் தொடர்ந்து ஆடலாம் என்று சொன்னார்கள். அந்த மட்டுக்கு நாணயம்.

சில சமயம் விளையாட்டை உருவாக்கிய நிறுவனம் எதுவும் செய்யாமலே பொருள் போய்விடும். 2017 செப்டம்பரில் ஆப்பிளின் ஐஓஎஸ் 11 வந்தபோது 32 பிட் செயலிகள் ஓடுவது நின்றது. புதுப்பிக்க ஆளில்லாத ஆயிரக்கணக்கான விளையாட்டுகள், காசு கொடுத்து வாங்கியவையும் சேர்த்து, ஒரே இரவில் திறக்காத பொட்டிகளாயின.

இத்தனையும் வாங்கியவர் பக்கம் நின்று பேசியது. உருவாக்கியவர் பக்கமும் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அங்கே வில்லன்கள் குறைவு, கடன்காரர்கள் அதிகம். 2012இல் செக் நாட்டு மேட்ஃபிங்கர் கேம்ஸ், டெட் ட்ரிக்கர் என்ற விளையாட்டை 99 சென்ட்டுக்கு விட்டது. ஆண்ட்ராய்டில் திருட்டுப் பிரதிகள் நம்ப முடியாத அளவுக்குப் பெருகிவிட்டன என்று சொல்லி இலவசமாக்கியது. 2015 ஜனவரியில் மான்யுமென்ட் வேலியை உருவாக்கிய அஸ்டூ வெளியிட்ட கணக்கு: ஆண்ட்ராய்டில் நிறுவப்பட்டவற்றில் 5 விழுக்காடு மட்டுமே காசு கொடுத்தவை, ஐஓஎஸ்ஸில் 40. ஒருவரே இரண்டு கருவியில் நிறுவியதும் இதில் அடக்கம் என்று அவர்களே விளக்கினார்கள். அதைக் கழித்தாலும் மிச்சம் பெரிதுதான். பனிச்சறுக்கு ஆட்டமான ஆல்டோஸ் அட்வெஞ்சர் 2015இல் ஐபோனில் விலைக்கும், அடுத்த ஆண்டு ஆண்ட்ராய்டில் விளம்பரத்தோடு இலவசமாகவும் வந்ததன் பின்னணி இதுவே. ஒரே விளையாட்டு, ஆப்பிள் வைத்திருப்பவருக்குக் காசு, சாம்சங் வைத்திருப்பவருக்கு ஓசி. புதுச்சேரி பெட்ரோலைப் போல என்று ஏற்றுக்கொள்ள ஆப்பிள்காரர்களுக்கு மனம் வந்திருக்குமா என்பது சந்தேகம்.

த்ரீஸ் கதை இதைவிடக் கசப்பு. ஆஷர் வால்மரும் கிரெக் வோல்வெண்டும் ஓராண்டுக்கு மேல் உழைத்து 2014 பிப்ரவரியில் 1 டாலர் 99 சென்ட்டுக்கு விட்ட எண் புதிர் அது. அடுத்த மாதம் அதன் சாயலில் 2048 வந்தது, கேப்ரியேல் சிருல்லி என்ற இத்தாலிய இளைஞர் ஒரு வார இறுதியில் எழுதியது, இலவசம். தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதிகளில் 2048 ஆடாதவர்களை விரல்விட்டு எண்ணலாம், த்ரீஸ் ஆடியவர்களையும் விரல்விட்டு எண்ணலாம். 2015இல் த்ரீஸும் விளம்பரத்தோடு ஓர் இலவசப் பதிப்பை வெளியிட வேண்டியதாயிற்று. ஒரு நல்ல காரியம் செய்தார்கள்: காசு கொடுத்து வாங்கிய பதிப்பில் கை வைக்காமல் இலவசத்தைத் தனிச் செயலியாக வைத்தார்கள். மேலே சொன்ன மூன்றாவது வழக்குக்கு இதைவிட எளிய தீர்வு கிடையாது. செலவும் பெரிதில்லை.

நம் ஆட்களின் விளையாட்டு ஒன்றும் இந்த வரிசையில் வரும். கனடாவின் டொரண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் உருவாக்கிய வெண்பா, 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையில் நடக்கும் கதை. இட்லியும் புட்டும் பிரியாணியும்தான் புதிர்கள். 2023 ஜூலை 31 அன்று வந்தது. அடுத்த ஆண்டு முதல் படைப்புக்கான பாஃப்டா விருதும் சுயேச்சை விளையாட்டு விழாவின் தலைமைப் பரிசும் பெற்றது. கைபேசி விளையாட்டு அல்ல, கணினிக்கும் கன்சோலுக்கும் வந்தது. ஆனால் வெளியான அன்றே மைக்ரோசாஃப்ட்டின் கேம் பாஸ் சந்தாதாரர்களுக்குத் தனி விலையின்றிக் கிடைத்தது. அதே நாளில் மற்றவர்கள் 15 டாலர் அளவில் கொடுத்து வாங்கினார்கள். சின்னக் குழுவுக்குச் சந்தா நிறுவனம் கொடுக்கும் தொகை மூச்சுவிட இடம் தருகிறது. முழு விலை கொடுத்த ரசிகரும் மூச்சுக்காற்றில் ஒரு பங்குதான். இருவரில் யாரையும் குறை சொல்ல மனம் வரவில்லை.

பெரிய நிறுவனங்கள் முன்பு வாங்கியவர்களை எப்படிச் சமாதானப்படுத்துகின்றன என்பதில் இப்போது ஒரு சம்பிரதாயமே உருவாகியிருக்கிறது. பப்ஜி என்று நாம் அழைக்கும் பேட்டில்கிரவுண்ட்ஸை இந்தியர்களில் பலர் கைபேசியில் இலவசமாகவே அறிவார்கள். கணினிப் பதிப்பு 2017இலிருந்து காசுக்கு விற்றது. 2022 ஜனவரி 12 அன்று அதுவும் இலவசமானது. முன்பு வாங்கியவர்களுக்குக் கட்டண வசதிகள் அடங்கிய பிளஸ் நிலையும் நினைவு உடைகளும் தரப்பட்டன. ராக்கெட் லீக் 2020 செப்டம்பரில் இலவசமானபோது பழைய ஆட்களுக்குச் சக்கரங்கள், பொருட்களோடு, அவர் எந்த வருடம் ஆடத் தொடங்கினார் என்பதைப் பெயருக்குக் கீழே காட்டும் ஒரு பட்டமும் கிடைத்தது. நிறுவனத்துக்குச் செலவு சுழியம். ஆனால் 2015 என்று போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்குகிறவரின் கெத்து புதிதாய் வந்தவருக்குக் கிடையாது. கவுண்டர் ஸ்ட்ரைக் 2018 டிசம்பரில் இலவசமானபோது பழையவர்களுக்குப் 'பிரைம்' தகுதி கொடுத்தும் பலர் எதிர்ப்பைக் கொட்டினார்கள். கதவு திறந்துவிட்டதால் ஏமாற்றி ஆடுகிறவர்கள் கூட்டமாக வருவார்கள் என்பது அவர்கள் அச்சம். நுழைவுக் கட்டணம் பலருக்கு வேலியாகவும் இருந்தது.

எதிர்த் திசையில் நடப்பவர்களும் இருக்கிறார்கள். செக் நாட்டின் வூப் சாஃப்ட்வேர் தன் ஃபாக்டோரியோ விளையாட்டுக்குத் தள்ளுபடியே கிடையாது என்று வெளிப்படையாக அறிவித்தது. 20 டாலராக இருந்த விலை 30 ஆனது. 2023 ஜனவரியில் பணவீக்கத்தைக் காரணம் காட்டி 35 ஆனது. முதலில் வாங்கியவர் இங்கே புத்திசாலி. மைன்கிராஃப்ட்டும் கைபேசியில் 2011 முதல் காசுக்குத்தான் விற்கிறது. எல்லாக் கருவிகளிலும் சேர்த்து 30 கோடிப் பிரதிகள் விற்றதாக 2023இல் அறிவித்தார்கள். எரிக் பரோன் தனியாளாக உருவாக்கிய ஸ்டார்டியூ வேலி விலையில் சற்று இறங்கியது உண்டு. ஆனால் 2016இல் வாங்கியவருக்கும் வருடக்கணக்கில் புதுப் பகுதிகள் இலவசமாக வந்துகொண்டே இருக்கின்றன. கைபேசி என்றாலே இலவசம், வேறு வழியில்லை என்ற பேச்சுக்கு, கைபேசியிலும் விற்கும் பின்னிருவரையும் நிறுத்திப் பதில் கேட்கலாம். எல்லோராலும் மைன்கிராஃப்ட் ஆக முடியாது என்று பதில் வரும். அதுவும் உண்மைதான்.

சட்டம் என்ன சொல்கிறது? பொட்டலத்தில் விற்கும் உப்புக்கு அதிகபட்ச சில்லறை விலை அச்சிட வேண்டும். செயலிக்கு அப்படி ஒன்று கிடையாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாங்கியபின் விலை குறைந்தது என்பது குறைபாடும் அல்ல, நியாயமற்ற வணிகமும் அல்ல. பொய்த் தள்ளுபடி வேறு விஷயம். 2023 நவம்பர் 30 அன்று ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள் 13 வகை இணையத் தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்கின்றன. 'இன்னும் பத்தே நிமிடம்' என்று கடிகாரம் ஓடவிட்டுப் பொய்யாக அவசரப்படுத்துவது அவற்றில் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே முதல், தள்ளுபடி என்று அறிவிக்கும் கடை, முந்தைய 30 நாளில் இருந்த மிகக் குறைந்த விலையைக் காட்டியாக வேண்டும். விளம்பரமில்லாத பொருளாக விற்றுவிட்டு உள்ளே விளம்பரம் திணிப்பதைச் சேவைக் குறைபாடு என்று வாதாடுவதற்கு இந்தியச் சட்டத்திலும் இடம் இருக்கிறது என்றே தோன்றுகிறது. 5 லட்ச ரூபாய்க்கு உட்பட்ட புகாருக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை. பெரிய முதலியார்சாவடிக்காரருக்கு அது விழுப்புரத்தில். 50 ரூபாய்க்காக விழுப்புரத்துக்குப் பஸ் ஏறுகிறவர் யார் என்பதுதான் நிறுவனங்களின் தைரியம்.

கடைகளின் சொந்த விதிகள் சட்டத்தைவிட உபயோகமானவை. கூகுள் ப்ளேயில் வாங்கிய 48 மணி நேரத்துக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஸ்டீமில் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் கேட்கலாம். தள்ளுபடிக்குச் சற்று முன்னால் வாங்கிவிட்டவர், திருப்பிக் கொடுத்துவிட்டு உடனே குறைந்த விலையில் மறுபடி வாங்கினால் அதை முறைகேடாகக் கருத மாட்டோம் என்று ஸ்டீம் தன் விதியிலேயே எழுதி வைத்திருக்கிறது. இதை அப்படியே கைபேசிக் கடைகளும் எடுத்துக்கொண்டால் பாதிப் புகார்கள் எழாது. கூகுளின் இன்னொரு விதி வேடிக்கையானது: ஒருமுறை நிரந்தரமாக இலவசமாக்கிய செயலியை மீண்டும் காசுக்கு மாற்ற முடியாது, வேண்டுமென்றால் புதுச் செயலியாகப் போட வேண்டும். அதாவது காசிலிருந்து இலவசத்துக்குப் போவது ஒருவழிச் சாலை. இலவசமாக எடுத்தவருக்குக் கொடுத்த இந்தப் பாதுகாப்பு, காசு கொடுத்தவருக்கு எதிர்த் திசையில் இல்லை.

இந்தப் பிரச்சினையை வேரோடு பிடுங்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்: எதையுமே விற்காமல் இருப்பது. 2019 செப்டம்பரில் ஆப்பிள் ஆர்கேட் இந்தியாவில் மாதம் 99 ரூபாய்க்கு வந்தது; 2022இல் கூகுளின் ப்ளே பாஸ் அதே விலையில் வந்தது. 2021 ஏப்ரலில் த்ரீஸ், மான்யுமென்ட் வேலி போன்ற பழைய கட்டண விளையாட்டுகள் பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறியோடு ஆர்கேடுக்குள் போயின. விளம்பரம் இல்லை, உள்ளே வியாபாரம் இல்லை. வாங்கவே இல்லை என்பதால் விலை இறங்கியதே என்று வருந்தவும் வழியில்லை. ஆனால் சந்தா நின்றால் ஆட்டமும் நிற்கும். 2024 டிசம்பரில் மான்யுமென்ட் வேலி 3 கைபேசியில் நெட்ஃபிளிக்ஸ் சந்தாதாரர்களுக்கு மட்டும் என்று வந்தது. படம் பார்க்கக் கட்டும் காசிலேயே விளையாட்டும் அடக்கம் என்று பலர் இறக்கிக்கொண்டார்கள். 2025 ஜூலையில் அது நெட்ஃபிளிக்ஸிலிருந்து போய்விட்டது. அதே மாதம் கணினியிலும் கன்சோலிலும் தனி விலைக்கு விற்பனைக்கு வந்தது. இலவசமாகக் கிடைத்ததற்கு இப்போது காசு கேட்கிறார்களே என்பது நெட்ஃபிளிக்ஸில் ஆடியவர்களுடைய புகார்.